இனிக்கும் ரம்: பீப்பாய் தந்தது எது, சர்க்கரை தந்தது எது?

கரும்பிலிருந்து வருவதால் ரம் இனிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஊறல் புளிக்கும்போதே ஈஸ்ட் சர்க்கரையில் பெரும்பங்கைத் தின்று தீர்த்துவிடும். மிச்சம் மீதி இருப்பதும் வடிகலனின் அடியிலேயே தங்கிவிடும். ஆவியாக ஏறி, குளிர்ந்து சொட்டுவதில் சர்க்கரை துளிகூடக் கிடையாது. ஆகவே ஒரு முதிர்ந்த ரம் வாயில் இனித்தால் காரணம் இரண்டில் ஒன்று: ஓக் பீப்பாயிலிருந்து இறங்கிய மணங்கள் இனிப்பாகத் தோன்றவைக்கின்றன, அல்லது பாட்டிலில் அடைப்பதற்கு முன் யாரோ சர்க்கரை போட்டிருக்கிறார்கள். பல நேரம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ருசி பார்ப்பது என்றால் இந்த இரண்டையும் மூக்காலும் நாக்காலும் பிரித்து எடுப்பதுதான். காட்டம், நிறம், பாட்டிலின் அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

எடுத்துக்காட்டுக்கு வெனிசுவேலாவின் டிப்ளமாட்டிக்கோ ரிசர்வா எக்ஸ்க்ளூசிவாவை வைத்துக்கொள்வோம். ஆண்டிஸ் மலையடிவாரத்தில், லாரா மாநிலத்தின் லா மியேல் என்ற ஊரில் வடிப்பது. 40 சதவீதம் ஆல்கஹால். 12 ஆண்டுவரை பீப்பாயில் கிடந்த ரம்களின் கலவை. வெனிலா, டாஃபி, உலர் திராட்சை என்று குழைந்து வரும். குவாத்தமாலாவின் சகாபா 23 கையில் இருந்தாலும் இதே முறைதான். அந்த ரம்மை 2,300 மீட்டர் உயரத்தில் கெட்சால்தெனாங்கோ நகரில் முதிர வைக்கிறார்கள். பாட்டிலில் இருக்கும் 23 என்ற எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய ரம்மோடு இளைய ரம்மைப் படிப்படியாகக் கலந்துகொண்டே போகும் சொலேரா முறையில் 6 முதல் 23 ஆண்டுவரையிலான ரம்களைக் கலந்தது அது. ஜமைக்கா ரம்மில் 8 என்று போட்டிருந்தால் கலவையில் இருக்கும் மிக இளைய ரம்முக்கு 8 வயது என்று பொருள். இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்து விலை பேசக் கூடாது.

இது தனி பாட்டில் வேலை அல்ல. பக்கத்தில் சர்க்கரை சேர்க்காத ஒரு ரம் இல்லாவிட்டால் இனிப்பை எதோடு ஒப்பிடுவது? ஜமைக்காவின் ஆப்பிள்டன் எஸ்டேட் 8 (43 சதவீதம்) இதற்கு நல்ல உரைகல். பார்படோஸின் ஃபோர்ஸ்கொயர் கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்றாவதாக ஓல்டு மங்க் ஒரு குவார்ட்டர் வாங்கி வைப்பதில் தவறில்லை. 1954 முதல் நம் நாட்டில் ரம் என்றாலே அதன் வெனிலா வாசம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதன் லேபிளில் இருக்கும் 42.8 சதவீதம் என்ற விசித்திர எண், காட்டத்தை அளந்த பழைய பிரிட்டிஷ் கணக்கில் சரியாக 75 டிகிரி புரூஃப்.

முதலில் மூக்குக்கு வழிவிடுங்கள்

வீட்டில் தாளிப்பு வாசம், ஊதுபத்தி, கூடத்து மல்லிகைப் பூ எல்லாம் இருக்கும்போது வெனிலாவைத் தேடுவது வீண். ருசி பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காபி, வெற்றிலை, சிகரெட் வேண்டாம். சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழிந்த பொழுது தோதானது. வெறும் வயிற்றில் ஆரம்பிக்கக் கூடாது.

கிளாஸ் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் தேவை. அடி அகன்று வாய் குறுகிய கிளென்கேர்ன் அல்லது ஷெர்ரி கிளாஸ் இருந்தால் சரி; இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ். விஸ்கிக்கென்று விற்கும் அகன்ற வாய் கிளாஸில் மணம் பறந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பின் எலுமிச்சை வாசம் கிளாஸில் ஒட்டியிருந்தால் எல்லா ரம்மும் ஒரே மாதிரி மணக்கும். வெந்நீரில் இரண்டு முறை அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸுக்குள் மரப்பலகை வாசம் தேங்கி நிற்கும். அதை ஓக் மணம் என்று குறித்துக்கொண்டவர்கள் உண்டு.

20 மி.லி. ஊற்றினால் போதும். ஒரு பெக்கைவிடக் குறைவு. கிளாஸில் நிறைய இடம் காலியாக இருந்தால்தான் மணம் திரண்டு நிற்கும்.

வெப்பநிலைதான் நம் ஊரில் பெரிய சிக்கல். இந்த ரம்களுக்கு 18 முதல் 20 டிகிரி பொருத்தம். சித்திரை மாதத்து 34 டிகிரி அறையில் ஊற்றினால் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கை அறையும். அதற்காக ஐஸ் போடாதீர்கள். குளிர்ச்சி மணத்தை அடக்கும். நாக்கில் இனிப்பையும் மழுங்கடிக்கும். பாயசம் சூடாக இருக்கும்போது திகட்டுவதும் ஆறிக் குளிர்ந்தபின் அவ்வளவு இனிக்காததும் இதனால்தான். அதிகம் சர்க்கரை போட்ட ரம்மை ஐஸோடு குடித்தால் நன்றாக இருப்பதும் இதே காரணத்தால். ஆனால் சோதித்துப் பார்க்கும்போது அந்தக் குறையை மறைக்கக் கூடாது. மூடிய பாட்டிலைத் தண்ணீர் நிறைந்த வாளியில் அரை மணி வையுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் நாலைந்து ஐஸ் கட்டியை வாளியில் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் எவ்வளவு நேரம் என்று யூகிக்க வேண்டிவரும்.

ஊற்றியதும் ஒரு சின்னத் தட்டால் மூடி 10 நிமிடம் விடுங்கள்.

முகர்வது

ஒயினைச் சுழற்றுவதுபோல் ரம்மைச் சுழற்றக் கூடாது. சுழற்றினால் மேலே வருவது ஆல்கஹால்தான். கிளாஸை லேசாகச் சாய்த்து, வாயைச் சற்றே திறந்தபடி, விளிம்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி முகருங்கள். வாய் திறந்திருந்தால் ஆல்கஹாலின் குத்தல் குறையும். பிறகு மெல்ல அருகே கொண்டுவாருங்கள். விளிம்பின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், இடது மூக்கு, வலது மூக்கு என்று மாற்றிப் பாருங்கள். மேல்விளிம்பில் பழமும் கீழ்விளிம்பில் மரமும் பாகும் தனித்தனியாகக் கிடைப்பதுண்டு.

முதல் இரண்டு மூச்சுக்கு மதிப்பு அதிகம். வெனிலா மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும் மணம். ஐந்தாறு முறை தொடர்ந்து முகர்ந்தால் அது மறைந்து, ரம் மாறிவிட்டதாகத் தோன்றும். மாறியது மூக்கு. எனவே முதலில் பட்டதை உடனே எழுதிவிட்டு, கிளாஸைத் தள்ளி வைத்து, உங்கள் முழங்கையின் உட்புறத்தை முகர்ந்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துத் திரும்புங்கள்.

இந்த வெனிலா எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான ரம் அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த ஓக் பீப்பாய்களில் கிடந்தது. போர்பனுக்கு உள்ளே கருக்கிய புதுப் பீப்பாய் கட்டாயம் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ரம் தீவுகளுக்கு மலிவாக வந்து சேர்கின்றன. பீப்பாயை நெருப்பில் வாட்டும்போது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் உடைந்து வெனிலின் உண்டாகிறது. வெனிலாக் காயின் முக்கிய மணப்பொருளும் அதே வெனிலின்தான். ஆனால் மரம் வெனிலினை மட்டும் தராது. கொப்பரைத் தேங்காய் வாசம் தரும் ஓக் லாக்டோன், கிராம்பு வாசம் தரும் யூஜெனால், மரத்தின் வேறொரு பகுதி கருகியதால் வரும் பாகு வாசம் எல்லாம் கூடவே இறங்கும்.

பிரித்தறியும் வழி இதில்தான் இருக்கிறது. வெனிலாவோடு கொப்பரையும் கிராம்பும் தீய்ந்த பாகும் கைகோத்து வந்தால் பீப்பாயின் வேலை என்று நம்பலாம். வெனிலா மட்டும் தனியாக, பேக்கரியில் கேக் வெட்டும்போது வருவதுபோலத் தூக்கலாக மேலே மிதந்து, மரத்தின் மற்ற மணங்கள் பின்னால் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். பழகிப் பார்க்க எளிய வழி: ஆப்பிள்டன் 50 மி.லி.யில் மளிகைக் கடை வெனிலா எசென்ஸ் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, விடாத கிளாஸோடு மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். அந்த எசென்ஸ்களில் பெரும்பாலானவை செயற்கை வெனிலின். வித்தியாசம் ஒருமுறை மூக்கில் பதிந்தால் பிறகு மறக்காது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் பெக்கான், மேப்பிள், பட்டர்ஸ்காட்ச் என்ற சொற்களைத் தேடி அலைய வேண்டாம். நம் சமையலறையில் இருப்பதே போதும்: கருப்பட்டி, பனங்கற்கண்டு, கடலை மிட்டாய்ப் பாகு, அல்வாவின் தீய்ந்த ஓரம், பால்கோவா, பேரீச்சை, ஜாதிக்காய், காய்ந்த ஆரஞ்சுத் தோல். பாகு என்று மட்டும் எழுதாமல் எந்தப் பாகு என்று எழுதுங்கள். இளம்பாகின் வாசம் வேறு, கம்பிப் பதம் தாண்டிச் சிவந்த பாகின் வாசம் வேறு.

வாயில் வைப்பது

வரிசை முக்கியம்: சர்க்கரை இல்லாதது முதலில், இனிப்பு கடைசியில். டிப்ளமாட்டிக்கோவுக்குப் பிறகு ஆப்பிள்டனைக் குடித்தால் அந்த நல்ல ரம் கசப்பாகவும் மெலிவாகவும் தோன்றும். லட்டு சாப்பிட்டுவிட்டுத் தேநீர் குடித்த கதை. நடுவே வாய் கொப்பளிக்கச் சாதாரணத் தண்ணீர். கொறிக்க உப்புக் காரம் இல்லாத வெறும் பொரி. அதைவிட நல்லது கிடைக்காது. மிக்சரும் ஊறுகாயும் மேசைக்கே வர வேண்டாம்.

முதல் மிடறு கணக்கில் சேராது. ஒரு மி.லி. அளவுக்கு எடுத்து வாய் முழுக்கப் பரப்பி விழுங்குங்கள். அது நாக்கை ஆல்கஹாலுக்குப் பழக்குவதற்கு. ராவாகக் குடித்தால் எரிகிறது என்று சொல்பவர்களில் பாதிப்பேர் முதல் மிடறை வைத்தே தீர்ப்பு எழுதுகிறவர்கள்.

இரண்டாவது மிடறு 3 மி.லி., ஒரு சின்னத் தேக்கரண்டிக்கும் குறைவு. 10 வரை எண்ணும்வரை வாயில் வைத்திருங்கள். முதல் சில நொடியில் நாக்கு நுனியில் இனிப்பு உடனே விழுகிறதா, அல்லது மெல்ல உருவாகிறதா என்று பாருங்கள். சேர்த்த சர்க்கரை உடனே விழும். பீப்பாயின் இனிப்பு முகர்ந்த மணத்தின் நிழல்போல மூக்கின் பின்பக்கமிருந்து வரும். சந்தேகம் இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு வையுங்கள். வெனிலின் என்பது வாசம். மூக்கை அடைத்தால் அது போய்விடும். அப்போதும் நாக்கு இனித்தால் அது சர்க்கரை. இவ்வளவு எளிய சோதனை வேறு கிடையாது.

விழுங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். பின்சுவை அப்போதுதான் திறக்கும். எத்தனை நொடி நிற்கிறது, என்னவாக மாறுகிறது என்று கவனியுங்கள். நீண்ட காலம் மரத்தில் கிடந்த ரம் கடைசியில் துவர்க்கும். நெல்லிக்காய் தின்றபின் ஈறில் வரும் அந்த இழுப்பு. கனத்த சர்க்கரை இந்தத் துவர்ப்பை மூடிவிடும். 12 ஆண்டு என்று எழுதியிருந்தும் துவர்ப்பே இல்லாமல் வழவழவென்று முடிந்து, உதட்டை நாக்கால் தடவினால் பிசுக்கென்று ஒட்டினால், உங்களுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. கிளாஸின் உள்சுவரில் வழியும் கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆல்கஹாலே அந்தக் கோடுகளை உண்டாக்கும். நிறமும் சாட்சி ஆகாது, கேரமல் ஊற்றிக் கறுப்பாக்குவது சட்டப்படி செல்லும்.

பிறகு தண்ணீர். மிச்சம் 15 மி.லி. இருந்தால் அறை வெப்பத் தண்ணீர் 4 மி.லி. சேருங்கள்; 40 சதவீதம் சுமார் 32க்கு இறங்கும். மருந்துக் கடை சிரிஞ்ச் இதற்கு வசதி. மரத்தில் உழைத்த ரம் தண்ணீர் பட்டதும் பழ மணம் ஒன்றைக் கூடுதலாகத் திறக்கும். சர்க்கரையின் தயவில் நின்றது இளகி, வெனிலா கலந்த சர்க்கரைத் தண்ணீராகிவிடும்.

மூன்று ரம், ஒவ்வொன்றிலும் 20 மி.லி., மொத்தம் 60 மி.லி.; ஒரு மாலைக்கு அதற்கு மேல் நாக்கு வேலை செய்யாது. துப்புவது அவமானம் அல்ல, தொழில்முறையாக ருசி பார்ப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். குடித்தால் அன்றைக்கு வண்டி எடுக்கக் கூடாது.

நாக்கைப் பழக்கும் நான்கு கிளாஸ்

50 கிராம் சர்க்கரையை வெந்நீரில் கரைத்து, மொத்தம் 100 மி.லி. வருமாறு நிரப்புங்கள். இந்தப் பாகில் ஒரு மி.லி.க்கு அரை கிராம் சர்க்கரை. நான்கு கிளாஸில் ஆப்பிள்டன் 25 மி.லி. வீதம் ஊற்றுங்கள். முதல் கிளாஸில் வெறும் தண்ணீர் 2 மி.லி.; இரண்டாவதில் பாகு அரை மி.லி., தண்ணீர் ஒன்றரை. மூன்றாவதில் பாகு 1, தண்ணீர் 1. நான்காவதில் பாகு 2 மி.லி. தண்ணீர் சேர்ப்பது நான்கிலும் காட்டம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க. இப்போது லிட்டருக்கு ஏறத்தாழ 0, 10, 20, 40 கிராம் சர்க்கரை உள்ள நான்கு ரம் உங்களிடம் உண்டு. கிளாஸின் அடியில் அடையாளம் ஒட்டி, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லி வரிசைப்படுத்திப் பாருங்கள்.

10 கிராமில் இனிப்பு தெரியாது. காட்டம் மட்டும் வழுவழுப்பாகும். ‘ஸ்மூத்’ என்று பாராட்டுவதில் பாதி இதுதான். 20ல் நாக்கு நுனி கண்டுகொள்ளும். 40ல் துவர்ப்பு அநேகமாகக் காணாமல் போயிருக்கும்.

இந்த 20க்கும் 40க்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ரம் என்ற பெயரில் விற்க லிட்டருக்கு 20 கிராம் இனிப்பே உச்சவரம்பு. வெனிலா உள்பட எந்த மணப்பொருளும் சேர்க்கக் கூடாது. அதை மீறினால் லேபிளில் ‘ஸ்பிரிட் டிரிங்க்’, ‘ஸ்பைஸ்டு’ போன்ற வேறு பெயர் வரும். அதற்கு முன் சந்தையில் இருந்த டிப்ளமாட்டிக்கோ ரிசர்வா எக்ஸ்க்ளூசிவா பாட்டில்களில் அளந்தவர்களுக்குச் சுமார் 40 கிராம் வந்தது. உங்கள் கையில் இருக்கும் பாட்டில் எந்தச் சந்தைக்காக அடைத்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும். அளந்துவிடுங்கள்.

அளக்கும் வழி

சாராயத்துக்கான ஹைட்ரோமீட்டர், அதாவது 0 முதல் 100 சதவீதம்வரை குறித்தது, கூடவே 100 மி.லி. அளவுக் குழாய். வீட்டில் ஒயின் போடுபவர்கள் வைத்திருக்கும் மூன்று அளவுகோல் மீட்டர் இதற்கு உதவாது. சர்க்கரை திரவத்தின் அடர்த்தியைக் கூட்டும். அதனால் மீட்டர் லேபிளில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். 40 சதவீத ரம்மில் ஒவ்வொரு சதவீதக் குறைவுக்கும் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் என்று கணக்கு. லேபிளில் 40, மீட்டரில் 35 என்றால் 20 கிராம்.

தப்பு நடப்பது எப்போதும் வெப்பநிலையில். மீட்டர்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிட்டவை. தண்டில் எழுதியிருக்கும், பாருங்கள். ஒரு டிகிரி கூடினால் சுமார் 0.4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 30 டிகிரி அறையில் அளந்தால் 4 சதவீதம் ஏறிவிடும். அதாவது 16 கிராம் சர்க்கரை அப்படியே ஒளிந்துகொள்ளும். ‘என் பாட்டிலில் சர்க்கரையே இல்லை’ என்று சாதிப்பவர்களின் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் பிசகியிருக்கும். குழாயை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, தெர்மாமீட்டர் 20 காட்டியதும் அளவிடுங்கள். மீட்டரை விரலால் ஒருமுறை சுழற்றிவிட்டால் தண்டில் ஒட்டிய குமிழிகள் போய்விடும். திரவத்தின் வளைவுக்கு அடிமட்டத்தைப் படியுங்கள். ஒன்றிரண்டு கிராம் வந்தால் மரத்தின் சாறும் நிறத்துக்கான கேரமலும்தான். அதைச் சர்க்கரை என்று குற்றம் சாட்ட முடியாது. அளந்த ரம்மைப் புனல் வைத்துப் பாட்டிலிலேயே திருப்பி ஊற்றிவிடலாம்.

மீட்டர் இல்லையா? எவர்சில்வர் தட்டு ஒன்றை நகை எடைத் தராசில் நிறுத்தி, 25 மி.லி. ரம் ஊற்றி, மின்விசிறியின் கீழ் ஒரு நாள் விடுங்கள். கடைசி ஈரம் போக, அடுப்பிலிருந்து இறக்கிவைத்த வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் தட்டை வைக்கலாம். எரியும் அடுப்பின் அருகே கொண்டுபோகவே கூடாது. ஆல்கஹால் ஆவி பற்றிக்கொள்ளும். ஒரு கிராம் தங்கினால் லிட்டருக்கு 40, அரை கிராம் என்றால் 20. சர்க்கரை இல்லாத ரம் தட்டில் பழுப்பான மெல்லிய படலத்தை மட்டும் விடும். விரலால் தொட்டால் மரவாசம் வரும், ஒட்டாது. தட்டைத் தண்ணீர் நிரப்பிய அகலத் தாம்பாளத்தின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் காலையில் உங்களுக்கு முன் எறும்புகள் முடிவைச் சொல்லிவிடும், எடையும் தப்பாகும்.

இதையெல்லாம் செய்து பார்த்து 35 கிராம் என்று தெரிந்தபின்பும் அந்த ரம் பிடித்திருந்தால் தாராளமாகக் குடிக்கலாம். சாப்பாட்டுக்குப் பின், இனிப்புக்குப் பதிலாக, 30 மி.லி. எடுத்து முக்கால் மணி நேரம் ஓட்டுவதற்கு இந்த வகை தோதானது. மரத்தின் வயதுக்கென்று கேட்கும் விலையைச் சர்க்கரைக்குக் கொடுக்கிறோமா என்பதுதான் யோசிக்கவேண்டியது.

பாட்டிலை நிற்கவைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள். காற்று அதிகம் பட்டால் முதலில் போவது பழ மணம், வெனிலா மட்டும் தட்டையாக மிஞ்சும். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் பாட்டிலின் வாயை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இனிப்பு ரம்மில் கார்க் ஓரத்தில் சர்க்கரை காய்ந்து இறுகி, அடுத்த முறை திறக்கும்போது கார்க்கின் தலை மட்டும் கையோடு வரும். அப்படி இறுகிவிட்டால் பலங்கொண்டு இழுக்காமல், வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் கழுத்தில் சுற்றி வைத்து, கார்க்கை மெல்லத் திருகுங்கள்.